எண்பத்தெட்டு போதும்

நவம்பர் 11, செவ்வாய்

சௌந்தரத்தை இன்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசம் போதும் போதும் என்றாகிவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை காரில் அவள் பேசியது ஒரே விஷயம்தான்: பாத்திரத்தில் இருந்த மாவைக் கொட்டினீர்களா இல்லையா. கொட்டவில்லை. கதவைத் திறந்ததும் புளித்த வாடை வாசலுக்கே வந்து வரவேற்றது.

கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வாடகைக்கு வந்திருக்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். கரண்டில் ஓடுகிறது, கிரைண்டர் மாதிரி உறுமுகிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அவள் மூக்குக்குப் போகிறது. மெஷினில் ஒரு குமிழ். திருகினால் எண் போட்ட கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு ஒன்று மேலே ஏறும். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: குண்டு ஒன்றில் நிற்க வேண்டும், விரலில் மாட்டுகிற கிளிப் 88-லிருந்து 92 வரை காட்டினால் போதும், அதற்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. முன்னால் நிற்பவன் வழிவிடாவிட்டால் எனக்கே பிடிக்காது, நகர்ந்துவிட்டேன்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் டிரிப் ஷீட் எழுதிய கை, எழுதாவிட்டால் நாள் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. அதனால்தான் நகைக்கடையில் கொடுத்த இந்த டயரி.

நோய்க்குப் பெயர் நுரையீரல் அடைப்பு நோயாம். பீடி குடிக்கிறவனுக்கு வரும் என்று நினைத்திருந்தேன். இவள் பீடியைக் கையால் தொட்டதில்லை. விறகடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்யும் என்கிறார் டாக்டரம்மா. எங்கள் வீட்டில் கேஸ் வந்து எத்தனையோ வருடமாயிற்று. விறகில் வைத்த குழம்புதான் எனக்கு இறங்கும் என்று நான் சொல்வதுண்டு, அது வேறு விஷயம்.

சேர்த்த அன்று ரத்தம் எடுத்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். வழக்கமாக முழங்கை மடிப்பில் எடுப்பார்கள். இது அப்படியில்லை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில், துடிக்கிற குழாயிலேயே ஊசியை இறக்குகிறார்கள். ரத்தத்தில் என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காம். சௌந்தரம் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "யாத்தே, எலும்புக்குள்ள குத்துறாளே, இவ கை விளங்குமா" என்று நர்ஸைத் திட்டித் தீர்த்துவிட்டாள். பிறகு வெட்கப்பட்டு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

இன்று அளவு 88.

நவம்பர் 12, புதன்

88. காலையில் 87.

மெஷின் இருக்கிற அறையில் நெருப்பே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். சாமி விளக்கைப் பின்கட்டு அலமாரிக்கு மாற்றினேன். சாமியை நாடு கடத்திவிட்டீர்களா என்று கேட்டாள். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள், ஆனாலும் நக்கலுக்குக் குறைச்சல் இல்லை.

அவள் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல ரசம் வைத்தேன். புளி அதிகம். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பசியில்லை, பாத்திரத்தை மூடிவைத்துவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மச்சினன் ராசாங்கம் வந்தான். சௌந்தரத்தின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறான். சாத்துக்குடி வாங்கி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா, கிளிப்பை எடுத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தான். 98. எனக்கு மாட்டினான். 97. அக்காவுக்கு மாட்டினான்.

"என்ன மச்சான், எம்பத்தெட்டு காட்டுது? கொரோனா சமயத்துல தொண்ணூத்திநாலுக்குக் கீழ போனாலே ஆம்புலன்ஸக் கூப்பிட்டோமே."

டாக்டரம்மா அவ்வளவுதான் வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கையில்லை. வாங்குகிற வாடகைக்குக் காற்றைக்கூட அளந்துதான் விடுவார்களோ என்னவோ. அவன் போன பிறகு நான்கைந்து தடவை மாட்டிப் பார்த்தேன். 88, 87, 88. விரலை விடுங்கள், வலிக்கிறது என்றாள் சௌந்தரம்.

மத்தியானச் சோறு அப்படியே இருக்கிறது.

நவம்பர் 15, சனி

எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன்.

என் தம்பி குருசாமி கொரோனாவில் போனவன். படுக்கை காலியாகட்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குள்ளேயே காத்திருந்தோம். அவன் விரலில் இதே மாதிரி ஒரு கிளிப். ஏறும்போது அதில் 88 இருந்தது. அங்கிருந்துதான் இறங்க ஆரம்பித்தது. நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்வதற்கு என் கையில் இல்லை. எழுபதுக்கு வந்தபோது அவன் என்னைப் பார்த்து, பயமா இருக்குண்ணே என்றான். அதன் பிறகு அவன் பேசவில்லை.

இப்போது கையெட்டும் தூரத்தில் ஒரு குமிழ் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

93.

மெஷினைத் தூசி தட்டினேன். துடைக்கும்போது குமிழ் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சின்னக் குமிழ்தானே, துணி பட்டாலே நகரும்.

காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. ஐயப்பன் கோயிலுக்கு மாலை போட்டுக்கொண்டு தெருவே கறுப்பு வேட்டியாக இருக்கிறது. நான் ரேஷன் கடைக்குப் போய்ப் பாமாயில் வாங்கிவந்தேன்.

96. ராசாங்கத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். நான் சொன்னேன்ல மச்சான் என்றான். என்ன சொன்னான், எதைச் சொன்னான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் விளக்கவில்லை. ராத்திரிக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நாக்கில் ருசி திரும்பியிருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

97.

சௌந்தரம் மத்தியானம் வரை தூங்கினாள். எத்தனை வருடத்துக் கடன் தூக்கம் அது, தீர்க்கட்டும். எழுந்ததும் தலைவலி என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். முகம் நல்ல சிவப்பாக இருக்கிறது, கல்யாணத்தன்று இருந்த மாதிரி. அதைச் சொன்னேன். பழைய சௌந்தரமாக இருந்தால் அதற்கு ஒரு பதில் வந்திருக்கும். இவள் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்குப் போனேன். வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்தேன். அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 19, புதன்

97.

காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுத்தேன், கீழே போட்டுவிட்டாள். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் கோழி இறக்கை அடிப்பது போல அடித்துக்கொள்கின்றன. பலவீனம்தான். படுத்தே கிடந்தால் யாருக்கும் அப்படி ஆகும்.

மத்தியானம் கண்ணைத் திறந்து, "குருசாமி தம்பிக்குச் சோறு போட்டீங்களா" என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்றேன். கனவு ஏதாவது கண்டிருப்பாள்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டேன். என்ன சொல்வது? தூங்குகிறாள் என்றா? 97 காட்டுகிற ஆளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. என் விரலிலேயே அவ்வளவுதான் காட்டுகிறது.

நவம்பர் 20, வியாழன், மத்தியானம்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். இமை ஒரு தடவை தூக்கி இறங்கியது. விரலில் மாட்டினேன், 97. சனியன் பிடித்த கிளிப், அப்போதும் 97. ராசாங்கம் ஆம்புலன்ஸோடு வந்தான். கிளம்புவதற்கு முன் நான் உள்ளே போய் மெஷினை நிறுத்தினேன். நிறுத்துவதற்கு முன்னால் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன்.

இங்கே வந்ததும் மணிக்கட்டில் அதே ஊசி. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, கத்துவாள் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை சரியான இடம் கிடைக்காமல் இரண்டு முறை குத்தினார்கள். சௌந்தரம் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. மரக்கட்டை மாதிரி கிடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. வெளியே போக வேண்டிய கரியமில வாயு போகாமல் ரத்தத்திலேயே தேங்கி, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதாம். மூளையை மயக்கிப் போட்டிருப்பது அதுதானாம். தூக்கம் என்று நான் நினைத்தது தூக்கமே இல்லை.

"ஐயா, வீட்டுல குண்டு எதுல இருந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுலதாம்மா" என்றேன்.

அவர் முகம் மாறியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற மாஸ்க் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். குறையாவிட்டால் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டர். "ஒண்ணுல வெச்சே இவ்வளவு தூரம் வந்திருச்சுன்னா, நுரையீரல்ல மிச்சம் எதுவும் இல்லன்னு அர்த்தம். குழாய் போட்டா திரும்ப எடுக்க முடியாமலே போகலாம். போடணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராசாங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்காவ இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேணாம் மச்சான். குழாயெல்லாம் வேணாம்னு சொல்லிருவோம். நிம்மதியாப் போகட்டும்" என்றான்.

மிச்சம் இல்லை என்று அவர் சொன்னது குண்டு ஒன்றில் இருந்தது என்கிற என் வார்த்தையை நம்பித்தான். ராசாங்கம் வேண்டாம் என்பதும் அதை நம்பித்தான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான் ஒருவன்தான்.

குண்டு நான்கில் இருந்தது.

அதே நாள்

சொல்லிவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. என்னை உட்காரவைத்து, எந்த நாளிலிருந்து, எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் அவரே ஒரு மூச்சு விட்டார். "அப்ப இது நோய் மட்டும் முத்துனதில்ல. அந்த வாயு இறங்க வாய்ப்பிருக்கு. மாஸ்க்ல பாப்போம், வேணும்னா குழாயும் போடுவோம். விட்டுர வேண்டியதில்ல" என்றார்.

அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இன்று கேட்டேன். ஏம்மா, காற்று அதிகமாகக் கொடுத்தால் நல்லதுதானே. இந்த நோய்க்காரர்களுக்கு அப்படியில்லை என்றார். அளவுக்கு மேல் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கிக்கொண்டே போகும். விரல் கிளிப் உள்ளே போன ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும், வெளியே போகாமல் நிற்பது அதற்குத் தெரியாது. அதைத் துடிக்கிற குழாயில் எடுக்கிற ரத்தம்தான் சொல்லும்.

எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் முன்வாசலில் ஏறுகிற ஆட்களை மட்டும் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பின்வாசலில் ஒருவர்கூட இறங்கவில்லை. உள்ளே நசுங்கிக்கொண்டிருந்தது அவள்.

வெளியே வந்து ராசாங்கத்திடமும் சொன்னேன். அடிக்கட்டும் என்று நினைத்தேன். அன்னைக்கு நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும் மச்சான் என்றான். பிறகு போய் இரண்டு டீ வாங்கிவந்தான். எனக்கு இறங்கவில்லை.

மறுபடி எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். போதாதாம்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை ஊசி. மணிக்கட்டு கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. குத்தும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அசைவே இல்லை.

ஒவ்வொரு தடவையும் நர்ஸ் அந்தச் சின்ன ஊசிக்குழாயை ஐஸ் வைத்த டப்பாவில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். நான் பின்னாலேயே லேப் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். போவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் உட்கார முடியவில்லை. அவளை நான்தான் கொன்றேன் என்று நாளை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. குருசாமி சொன்ன அதே வார்த்தைதான் வருகிறது, பயமா இருக்கு.

நவம்பர் 22, சனி

காலையில் அதே நர்ஸ் வந்தாள். முதல் தடவை சௌந்தரத்திடம் திட்டு வாங்கியவள். இந்தக் கை வேண்டாமென்று அடுத்த கையைத் திருப்பி, நாடியைத் தடவிப் பார்த்து, ஊசியை இறக்கினாள்.

கை வெடுக்கென்று பின்னால் போனது. மாஸ்க்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வார்த்தை சரியாக வரவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா அந்த வார்த்தை. யாத்தே.

நான் வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். வலிக்குதா, வலிக்குதா சௌந்தரம் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். வலிக்கிறது என்று தலையாட்டினாள். இன்னும் ஒரு தடவை குத்தச் சொல்லலாம் போல இருந்தது. நர்ஸுக்கும் கண் கலங்கியிருந்தது, ஊசிக்குழாயை ஐஸில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாயு பாதி தூரம் இறங்கியிருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

பகலில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். கஞ்சி கொடுத்தேன். குமிழ் விஷயத்தை நானே சொல்லிவிட வேண்டுமென்று ஆரம்பித்தேன். அவள் கரண்டியைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"தெரியும். கண்ண மூடிக்கிட்டுத்தான கெடந்தேன். நீங்க சத்தமில்லாம வந்து திருகுவீங்க. நம்பரப் பாப்பீங்க. அதுக்கப்புறம் அடுப்படிக்குப் போயி ஒரு வாய் சாப்பிடுவீங்க. அதுக்கு முன்னாடி தட்டுலயே கைய வைக்கல நீங்க. அதான் விட்டுட்டேன்."

"அடிப் பாவி" என்றேன். "செத்திருப்பியேடி."

"இவ்வளவு ஆகும்னு எனக்கும் தெரியாதுங்க."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரசத்தில் புளியைக் குறைக்கச் சொன்னாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

வீடு திரும்பிவிட்டோம். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: நுரையீரல் பழையபடி ஆகாது, சளி பிடித்தாலும் மறுபடி இந்த நிலை வரலாம், பகலில் தூக்கமோ தலைவலியோ குழப்பமோ வந்தால் கிளிப்பைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே கூட்டி வாருங்கள். ஏன், எதற்கு என்று எல்லாவற்றையும் கேட்டேன். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

குண்டு ஒன்றில் நிற்கிறது. விரலில் 87. அறைக்குள் இருந்தால் கை தானாகப் போகிறது. வாசலில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் மெஷின் சத்தம் கேட்கிறது. அவள் இருமும்போதெல்லாம் எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்தேன்.

அவளுக்குச் சோறு கொடுத்தேன். என் தட்டு அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. ஊரெல்லாம் விளக்கு. நெருப்பு ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் வேண்டாமென்று இருந்தேன். தெருவாசலில் வையுங்கள், அவ்வளவு தூரத்துக்கு என்ன ஆகிவிடும் என்றாள். கடைசிப் படியில் அகல் வைத்து ஏற்றினேன். கட்டிலிலிருந்து பார்த்தால் அவளுக்கு இரண்டு சுடர் தெரியும். இரண்டு போதும் என்றாள்.

உள்ளே வந்து கிளிப்பை மாட்டினேன். 88. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வண்டியும் குருசாமியும்தான் கண்ணில் நின்றார்கள். குமிழுக்கும் என் கைக்கும் ஒரு சாண் இருக்கும். சௌந்தரம் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

"குழம்பு ஆறுது. போயி சாப்பிடுங்க. நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் நான் பேசிட்டே இருக்கேன். என் சத்தம் நின்னா மட்டும் எந்திரிச்சு வாங்க."

அடுப்படியில் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். அரிசியில் கல் இருக்கிறது, ராசாங்கம் கடைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும், சாமியைப் பின்கட்டில் எத்தனை நாள் வைப்பது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் கொஞ்சம் நீளமாக நின்றது, நான் பாதி எழுந்துவிட்டேன். உப்பு போட்டீர்களா என்று கேட்டாள். உட்கார்ந்தேன்.

88. சாப்பிட்டேன்.